படைவீட்டுப் பிள்ளைகள்
இரண்டு இலட்சம் பேர் கொண்டிருந்த இலங்கைத் தரைப்படையை 2030க்குள் ஓர் இலட்சமாகக் குறைப்பதென 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த தீர்மானம் வரவேற்கத்தக்கதே; ஆயினும் சேவையினின்று விலகும் சிப்பாயின் பிள்ளைகளைச் சிந்தியாத ஆட்குறைப்பு அரைகுறையான காரியமே. யுத்தகாலத்தில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் எங்கள் பிள்ளைகளின் புத்தகப் பைகளைத் துழாவிய கரங்கள், தம் பிள்ளைகளின் பையைத் தோளில் மாட்டிவிட விடுமுறை நாட்களில் மாத்திரமே வாய்த்த கரங்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஜீவனோபாயந் தேடி ரஷ்ய-உக்ரைன் போர்முனைக்குச் சென்ற முன்னாள் படையினருள் குறைந்தது 16 பேர் மாண்டனரென 2024 மே மாதத்தில் வெளியான செய்திக்குப் பின்னரும் தாமதம் தகாது. பிள்ளைகளின் கல்வி முடியும்வரை உதவிப்பணத்தைச் சட்டபூர்வமாக உறுதிசெய்த பின்னரே தகப்பனை விடுவிக்க வேண்டும். யுத்தத்தில் தகப்பனை இழந்த வடக்கு, கிழக்குப் பிள்ளைகளுக்கும் அவ்வுரிமை அணுவளவும் குறையாது வழங்கப்படல் வேண்டும்.