காலேஜ் ஃபீஸை அரசு கட்டினால் யாருக்கு லாபம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் சமயம் வந்தாலே நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விவாதம் கிளம்பிவிடும். இந்த முறை ஆரம்பித்தது என் தம்பி மகன். "அத்தை, வரியும் நாங்க கட்டுறோம், எங்க பிள்ளைங்க ஃபீஸும் நாங்களே கட்டுறோம். கவர்ன்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டும் எல்லாம் ஃப்ரீ. இது என்ன நியாயம்?" என்று கேட்டான். என்னிடம் ஐந்தாவது படித்த ஒரு மாணவரோ, "டீச்சர், எல்லாருக்கும் காலேஜ் ஃப்ரீன்னு அறிவிச்சிட்டா பிரச்சினையே இல்ல" என்று எழுதியிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரசு கலைக் கல்லூரியில் பயிற்றுக்கட்டணம் ஏற்கெனவே கிடையாது. மற்ற கட்டணங்கள் வருடத்துக்குச் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்கல்வியில் சேரும்போது 2010-லிருந்து கட்டணச் சலுகை உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதை விரித்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார்.

கட்டணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2020 நவம்பரே சாட்சி. மருத்துவத்தில் ஒதுக்கீடு வந்த முதல் வருடம், தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பணம் கட்ட வழியில்லாமல் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கூலி வேலை செய்பவர் மகளுக்கு சீட் மட்டும் கொடுத்துவிட்டு ஃபீஸை நீயே பார்த்துக்கொள் என்றால், இலை போட்டுச் சோறு போடாத கதைதான். ஆகவே தம்பி மகனுக்கு என் பதில்: அந்தப் பிள்ளைக்குப் போகும் பணம் வீண் போகவில்லை. வரி கட்டுவதும் நீ மட்டும் இல்லையப்பா. ஒரகடம் கூட்டுரோட்டில் சோப்பு வாங்கும் அந்தப் பிள்ளையின் அம்மாவும் ஜிஎஸ்டி கட்டிவிட்டுத்தான் வருகிறாள்.

ஆனால் எல்லாருக்கும் ஃப்ரீ என்று சொன்னால் யாருக்கு லாபம்? நம் வடக்குப்பட்டு, ஒரகடம் சுற்றுவட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்காட் வந்தது. 2010-ல் நிசான், 2012-ல் டைம்லர் என்று தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. நிலம் இருந்தவர்கள் விற்றார்கள், மிச்ச இடத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் ஃபீஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலேஜ் போகத்தான் போகிறார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கோ விற்கவும் ஒன்றுமில்லை, வாடகைக்கு விடவும் ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகையைக் கொடுத்தால் முதல் வீட்டில் அது பைக் ஆகும். இரண்டாவது வீட்டுக்கு அது போதவே போதாது.

ஏன் போதாது? அங்கே பிள்ளையைத் தடுப்பது ஃபீஸ் மட்டும் இல்லை. பிளஸ் டூ முடித்த பையனுக்கு கேட்டுக்கு வெளியிலேயே கான்ட்ராக்ட் வேலை தயாராக இருக்கிறது. "டீச்சர், காலேஜ் ஃப்ரீதான். ஆனா நான் மாசம் 15,000 கொண்டு வரலைன்னா அக்கா கல்யாணக் கடன யார் கட்டுறது?" என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். மூன்று வருடம் படித்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் சம்பளம் போகிறது. அவன் வீட்டுக் கணக்கில் அதுதான் நிஜமான காலேஜ் ஃபீஸ். அதனால்தான் 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டமும், 2024-ல் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. மாதம் 1,000 ரூபாய் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் விட்டுப்போகிறவர்கள் யார்?

1. அரைவயிறு சாப்பிட்டு, நகையை அடகு வைத்து, இங்கிலீஷ் மீடியம் ஆசையில் சின்ன மெட்ரிக் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர். 12 வரை அங்கேயே படித்தால் 7.5 சதவீதமும் இல்லை, மாதம் 1,000-மும் இல்லை. ஏழ்மை மட்டும் அப்படியே இருக்கும்.

2. இரண்டாவது பிள்ளை. முதல் பட்டதாரி சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை.

3. வருமான வரம்பைக் கொஞ்சமாகத் தாண்டியவர்கள். ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வரம்பு 2.5 லட்சம். கம்பெனியில் மாதம் 21,000 சம்பளம் வாங்கினாலே 2,52,000 ஆகிவிடுகிறது.

4. ஷிப்ட் முடித்து வந்து தொலைதூரக் கல்வியில் படிக்கும் பெண்கள். அவர்களுக்குப் புதுமைப் பெண் கிடையாது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் புத்தகம் திறப்பவளுக்கு 1,000 ரூபாய் தர என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

இலங்கையைப் பாருங்கள். கன்னங்கரா என்ற கல்வி அமைச்சரின் முயற்சியால் 1945-லேயே அங்கே பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்துவிட்டது. ஏழைக் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேரை அது மேலே தூக்கிவிட்டது, மறுக்க முடியாது. ஆனால் இடங்கள் குறைவு. அந்த இடத்தைப் பிடிக்க ட்யூஷனுக்குப் பெற்றோர் செலவழிக்கிறார்கள். வாசலில் டிக்கெட் இல்லை என்றாலும் உள்ளே இடம் வேண்டுமே.

ஆகவே என் கருத்து இதுதான். எல்லாருக்கும் ஃபீஸ் கட்டுவதற்கு முன், அரசுக் கல்லூரிகளில் இடமும், ஆசிரியர்களும், விடுதியும் கூட வேண்டும். எந்தப் பள்ளியில் படித்தான் என்பதோடு வீட்டு நிலைமையையும் பார்த்து உதவ வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களையும் மாணவர்களாக எண்ண வேண்டும். காலியாகக் கிடக்கும் தனியார் கல்லூரி சீட்டை அரசுப் பணத்தால் நிரப்பினால் பிள்ளைக்கு முன் கல்லூரி முதலாளிக்குத்தான் லாபம்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவள். வகுப்பில் கெட்டிக்காரர்களாக இருந்த பலர் இன்று லைனில் நிற்கிறார்கள். அந்த வேலையும் கௌரவமானதுதான். ஆனால் அவர்கள் பிள்ளைகளுக்காவது, படிப்பா வேலையா என்று முடிவெடுக்கும் உரிமை வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் நாளைக்கே போய்க் கேளுங்கள். 6 முதல் 12 வரை எங்கே படித்தார் என்ற சான்று, இ-சேவையில் எடுக்கும் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் தயாரா என்று பாருங்கள். அரசு கொடுத்தாலும் ஒரு காகிதம் குறைந்து சீட் போனால் அது நம் எல்லாருக்கும் நஷ்டம். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். தம்பி மகனே, நீயும்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வடக்குப்பட்டு