முதலில் எருக்குழி, அப்புறம் கோழிக் கொட்டகை!

முட்டை என்றால் நாமக்கல். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1982ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலையைத்தான் மற்ற ஊர் வியாபாரிகளும் பார்க்கிறார்கள். சத்துணவில் 1989ல் முட்டை வந்தது. 2010ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. ஆக, மார்க்கெட் இருக்கிறது. சமயநல்லூர், வாடிப்பட்டி பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவருக்கும் "நாமும் ஒரு பண்ணை போட்டால் என்ன?" என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

ஆசை தப்பில்லை. ஆனால் பண்ணைக்குப் போடும் கணக்கைப் பாருங்கள். குஞ்சு, கூண்டு, தீவனம், கரண்ட், பேங்க் வட்டி எல்லாம் இருக்கும். எச்சம்? கடைசியில் "இதர வருமானம்" என்று ஒரே ஒரு வரி. கணக்கு இடிப்பது இங்கேதான்.

ஒரு முட்டைக்கோழி தினமும் சுமார் 100 கிராம் எச்சம் போடும். 10,000 கோழி என்றால் தினம் ஒரு டன்! அதில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்த்தினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 120 டன் எரு தேறும். அதில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம். யூரியாவாகக் கணக்குப் போட்டால் 45 கிலோ மூட்டை சுமார் 170. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தனி.

ஆனால் இதையே வெயிலிலும் மழையிலும் திறந்து போட்டால், 30 நாளில் பாதித் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். அந்த நாற்றம்தான் பக்கத்துத் தெருவுக்குப் போகிறது. ஈரம் இருந்தால் ஈயும் சேரும். பண்ணைக்காரருக்கு நஷ்டம், ஊருக்குத் தொல்லை, இரண்டும் ஒரே இடத்திலிருந்து!

"எரு விற்று எவ்வளவு வந்துவிடும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசு மானியத்தால் யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அந்த விலையில் 170 மூட்டை என்பது 45,000 ரூபாய்தான். 10,000 கோழி வருஷத்துக்கு 30 லட்சம் முட்டை இடும். முட்டைக்குப் பத்து பைசா குறைந்தாலே 3 லட்சம் போச்சு. எருவை நம்பி யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை.

அப்படியென்றால் ஏன் கவலைப்பட வேண்டும்? எரு என்பது லாபக் கணக்கு இல்லை, இன்சூரன்ஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 வழிகாட்டுதல்படி பண்ணை குடியிருப்புக்கு 500 மீட்டர், நீர்நிலைக்கு 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வைகையும் கால்வாயும் கண்மாயும் வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் சமயநல்லூர் பக்கம் அப்படி ஒரு இடம் கிடைப்பதே கஷ்டம். ஊர் திரண்டு மனுக் கொடுத்தால் கொட்டகைக்கு வாங்கிய கடன் மட்டும்தான் மிச்சம்.

வழி இல்லாமல் இல்லை. கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம். அதனால் வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ கலந்து, கூரைக்கு அடியில் மக்க வைக்க வேண்டும். சோழவந்தான் பக்கம் நெல்லும் தென்னையும் உண்டு. அதாவது மூலப்பொருளும் வாடிக்கையாளரும் ஒரே ஊரில்! இங்கிலாந்தின் ஐ என்ற ஊரில் 1992ல் இருந்தே கோழிக் கழிவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2001ல் எண்ணெய் எரிக்கும் மின்நிலையம் வந்த சமயநல்லூருக்கு இது சுவாரசியமான செய்திதான். ஆனால் அதற்கு டன் கணக்கில் ஏராளமான எச்சம் வேண்டும். சின்னப் பண்ணைக்கு உரம்தான் சரி. நாலைந்து பண்ணைகள் சேர்ந்து ஒரே எருக்கூடம் போட்டால் செலவும் பங்காகும்.

பேங்க் மேனேஜர்கள் ஒன்று செய்யலாம். கூண்டு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், எருக்குழி எங்கே என்று கேட்கலாம். பதில் இல்லையென்றால் கடனும் இல்லை!