தேறி வந்தவருக்குக் கடையில் இடம் உண்டா?

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் ஓயாமல் கேட்கிறது. அதே வீதியில், மனநோய்க்கு வைத்தியம் பார்த்துத் தேறிய பழைய ஆள் வேலை கேட்டு வந்தால், "கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பி விடுகிறோம். அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்காகிறது. அவர் வீட்டில் அடுப்பெரிவது யாருக்கும் தெரியாத கணக்காகிப் போகிறது.

கால் ஒடிந்து தேறியவரைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். காசநோய் குணமானவரைச் சேர்த்துக் கொள்கிறோம். மனச்சிதைவு என்றால் மட்டும் பயம். வைத்தியத்தில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்பதே மருத்துவர்கள் கண்டது.

இவர்களால் வேலை செய்ய முடியுமா என்று கேட்போர், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். டாக்டர் சாரதா மேனன் அங்கே கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் தொழிற்கூடம் உருவாயிற்று. நோயாளிகள் அங்கு சுட்ட ரொட்டி அரசு மருத்துவமனைகளுக்குப் போயிற்று. அவரே 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளுக்கு வைத்தியத்தோடு தொழிற்பயிற்சிக்கும் வழி செய்தார். பல நாட்டு ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே சொல்கின்றன. பயிற்சி என்று நாளைக் கடத்துவதைவிட, நேரே வேலையில் அமர்த்தி உடனிருந்து உதவினால் அதிகம் பேர் வேலை பெறுகிறார்கள்.

இதற்கு நம் கடைகளில் பெரிய ஏற்பாடு வேண்டாம். மாத்திரையால் சிலருக்குக் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். ஆறு மணிக்குப் பதில் பத்து மணிக்கு வரச் சொல்லலாம். முதலில் பருப்பு நிறுப்பது, பொட்டலம் போடுவது, சரக்கு அடுக்குவது. கூட்டத்தைச் சமாளிப்பது பிறகு. மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்கு விடுப்பு. மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் யோசனை கூறக் கூடாது. நிறுத்தினால்தான் நோய் திரும்பும் அபாயம் கூடும். உழைத்த நேரத்துக்கு முழுக்கூலி தர வேண்டும். சாப்பாடும் டீயும் கூலியாகாது. அவருடைய நோயைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

நோய்வாய்ப்படுபவர் கடைச் சிப்பந்தி மட்டுமல்ல, முதலாளியாகவும் இருக்கலாம். தேறி வந்து கடை திறப்பவருக்கு மண்டிக்காரர்கள் ஒரேயடியாகக் கடனை நிறுத்தினால் அவர் எழவே முடியாது. சிறு சரக்காகக் கொடுத்து, வரவைப் பார்த்துக் கூட்டலாமே!

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி 2022 முதல் இருக்கிறது. சட்டமும் மருந்தும் வந்துவிட்டன. வேலை நம் கையில் இருக்கிறது.

நம் சங்க உறுப்பினர்கள் அவரவர் கடையில் ஒருவருக்கு இடம் தர முடியுமா என்று யோசிக்க வேண்டும். கடைவீதி கைவிட்டால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?