மனை வாங்கும் முன் நிய்யத்



மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நான்கு வழிச்சாலையில் கப்பலூரை நெருங்கும்போது, கல் ஊன்றிய மனைகளும் வண்ணக் கொடிகளும் இருபுறமும் கண்ணில் படுகின்றன. சிட்கோ தொழிற்பேட்டை அருகில், விமான நிலையம் அருகில், எய்ம்ஸ் அருகில் என்று பலகைகள் அழைக்கின்றன. வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும், சிறு வியாபாரத்தில் மிச்சம் பிடித்த பணமும் இங்கேதான் வந்து இறங்குகின்றன. இதில் குறை காண ஏதுமில்லை. வட்டிக்கு அஞ்சி வங்கி வைப்பைத் தவிர்க்கும் முஸ்லிமுக்கு நிலம் கண்ணியமான சேமிப்பே. ஆயினும் முதன்முறை மனை வாங்குவோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஜ்ரத், விலை ஏறுமா?" எதற்காக வாங்குகிறோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு வருபவர் குறைவு.

ஷரீஅத் அந்தக் கேள்வியைத்தான் முதலில் வைக்கிறது. குடியிருக்க வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பெறும் உறுதியான எண்ணத்துடன் வாங்கிய மனையோ வியாபாரச் சரக்கு. ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின்படி ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் கடமை. அதாவது, இன்று 8 லட்சம் ரூபாய்க்கு விலைபோகக்கூடிய மனைக்கு 20,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு இங்கே கணக்கில் வராது. விற்கும்வரை காத்திருப்பவர் விற்ற பின் ஓராண்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது மாலிக்கி மத்ஹபின் கருத்து. எண்ணம் உறுதியாக இல்லாதபோது, "பார்ப்போம், பிள்ளைகளுக்கு ஆகும்" என்று வாங்கியதற்கு ஜகாத் இல்லை என்பர் பெரும்பாலான அறிஞர்கள். ஆனால் வாங்கிய மறுவாரமே தரகரிடம் விலை சொல்லி வைத்துவிட்டு, ரமலானில் மட்டும் "பிள்ளைகளுக்கு" என்பவரை எந்த மத்ஹபில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நிய்யத் தெளிவானால் பொறுமையும் வரும். கப்பலூரை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மருத்துவமனைக் கட்டடப் பணி 2024இல்தான் தொடங்கியது. வீடு கட்ட வாங்கியவருக்கு இந்த ஐந்தாண்டு பெரிய இழப்பன்று. ஆறே மாதத்தில் இரட்டிப்பாகும் என்ற பேச்சை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நிலம் அசையாமல் கிடக்கும், வட்டி கிடக்காது. வட்டியிலிருந்து தப்பிக்க மனையைத் தேடியவர், அந்த மனைக்காகவே வட்டிக்குள் விழுவதை என்னென்பது?

அவசரத்தை ஊட்டுவது விற்பவரின் தொழில். "இன்றே முன்பணம், நாளை விலை வேறு" என்பார். நமக்கோ, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பதே நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி; திர்மிதியில் பதிவான அறிவிப்பு அது. மனையில் கட்டுவது என்பது மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவதுதான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேட்க வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது, மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்திருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் வழியின்றி நின்றன. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்து, கட்டணம் செலுத்திய பின்னரே வழி பிறந்தது. நம் சமவெளியில் கண்மாய்களும் வாய்க்கால்களும் மிகுதி. கோடையில் கட்டாந்தரையாகத் தெரிவது ஐப்பசியில் நீர்ப்பிடிப்பாக இருக்கும். ஒருமுறையேனும் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள்.

இளைஞர்களிடம் இன்னொரு ஆசையும் பரவியுள்ளது. சிறு முன்பணம் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, கிரயம் ஆகும் முன்பே மூன்றாமவருக்குக் கூடுதல் விலைக்கு விற்பது. தன்னிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். கைவசம் பெறாத அசையாச் சொத்தை விற்கலாம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறியதைச் சிலர் ஆதாரம் காட்டுவர். அவர் பேசியது விற்பனை முடிந்து உரிமை மாறிய சொத்தைப் பற்றி. முன்பணச் சீட்டு உரிமையாகாது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. முதல் மனைக்கான பணம் பல வீடுகளில் மனைவியின் நகையை விற்றே வருகிறது. மஹராக வந்ததும் தாய்வீட்டார் அவருக்கென அளித்ததும் அவருடைய சொத்து; அவர் மனமுவந்து தந்தாலன்றிக் கணவர் தொட முடியாது. கேட்டால் மறுக்க மாட்டார் என்பது சம்மதமாகாது. நகை அவருடையது, பத்திரம் கணவர் பெயரில், விற்கும்போது கலந்து பேசுவதும் இல்லை: இது நம் வீடுகளில் சர்வசாதாரணமாகிவிட்டது. பாதிப் பணம் அவருடையதாயின், பத்திரத்தில் பாதி அவர் பெயரில் இருக்கட்டும். கடனாகப் பெற்றதாயின், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கட்டளையிடுவது போல் சாட்சிகளுடன் எழுதிக் கொடுங்கள். கணவன் மனைவி என்பதற்காக அவ்வசனத்தில் விலக்கு ஏதுமில்லை. முழுவதும் அவருடையதாயின் அவர் பெயரிலேயே பதியுங்கள். 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதத்தை 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசும் குறைத்துள்ளது.