ஓட்டு கேட்டு வராத இயக்குநர்

போன கோடை மழையில் எங்க தோட்டத்துக்கு மேலே நின்ற ஒரு சில்வர் ஓக் மரம், ஏறியிருந்த மிளகுக்கொடியோடு சேர்ந்து கரண்டு கம்பி மேல் சாய்ந்துவிட்டது. நாலு நாள் இருட்டு. மோட்டார் ஓடவில்லை, மாவு மில் ஓடவில்லை, போன் செத்துப்போச்சு. வயர்மேன் தம்பி மழையோடு மழையாக நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறி சரிபண்ணிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிற மலையில் வேலை பார்ப்பது என்ன லேசா?

ஐந்தாம் நாள் போனுக்கு உயிர் வந்ததும் சென்னை நண்பர் ஒருவர் கூப்பிட்டார். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர். கதையைக் கேட்டுவிட்டு, "ஏங்க, அமெரிக்காவில் எல்லாம் விவசாயிகளே கூடி கரண்டு சங்கம் வைத்திருக்கிறார்களாமே. இயக்குநர்களை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாம். பைல் நாட்டுக்கு அப்படி ஒன்று ஆரம்பித்தால் என்ன?" என்றார்.

நல்ல கேள்விதான். எனக்கு உடனே பதில் வரவில்லை. பத்து நாளாக மிளகு காயப்போடும்போதும் களை வெட்டும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

முதலில், இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1969-ல் கிராம மின்மயக் கழகம் என்று டெல்லியில் ஒன்று ஆரம்பித்தார்கள். அமெரிக்கக் கூட்டுறவுகளின் யோசனையோடு நம் நாட்டிலும் ஐந்து இடங்களில் கிராம மின் கூட்டுறவு சங்கங்கள் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் ஹுக்கேரி, அன்றைய ஆந்திராவில் சிரிசில்லா, குஜராத்தில் கொடிநார், மகாராஷ்டிரத்தில் முளா-பிரவரா, உத்தரப்பிரதேசத்தில் லக்னோ பக்கம் ஒன்று. சங்கம் மொத்தமாகக் கரண்டு வாங்கும், கம்பம் நடும், வீட்டுக்கும் கிணற்றுக்கும் இணைப்பு கொடுக்கும், பில் போடும். இணைப்பு வைத்திருப்பவர் உறுப்பினர். உறுப்பினர் ஓட்டுப் போட்டு இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுப்பார்.

ஹுக்கேரியும் சிரிசில்லாவும் அரை நூற்றாண்டு தாண்டி இன்னும் நிற்கின்றன. அங்கே நடக்கிற இயக்குநர் தேர்தல் சும்மா பேருக்கு நடப்பதில்லை. சிரிசில்லாவில் 2022 டிசம்பரில் நடந்த தேர்தலில் எண்பதாயிரத்துக்கு மேல் வாக்காளர்கள். கட்சிகள் சட்டசபைத் தேர்தல் மாதிரி வேலை பார்த்தன. ஹுக்கேரியில் 2025 செப்டம்பரில் நடந்த தேர்தலுக்கு மந்திரியும் முன்னாள் எம்.பி.யும் ஆளுக்கொரு பக்கம் களத்தில் இறங்கினார்கள். ஒரு தாலுகா கரண்டு சங்கத்துக்கு!

இதைக் கேட்டதும் நண்பர் மாதிரி உங்களுக்கும், "பார்த்தீங்களா, எவ்வளவு ஜனநாயகம்!" என்று தோன்றும். எனக்கு வேறொன்று உறுத்தியது. இரண்டு சங்கத்திலும் இயக்குநர் இடங்கள் 15. சிரிசில்லாவில் 15-ம் அன்றைய ஆளுங்கட்சிக்குப் போனது. ஹுக்கேரியிலும் 15-ம் ஒரே அணிக்குப் போனது. உள்ளே உட்கார்ந்து "இந்த டிரான்ஸ்பார்மரை ஏன் இந்த விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்க எதிரணி ஆள் ஒருவர் இல்லை.

முளா-பிரவராவின் கதை இன்னும் மோசம். மாநில மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போய், 2011-ல் உரிமம் போனது. மொத்தப் பகுதியையும் அரசு மின் நிறுவனமே எடுத்துக்கொண்டது. அங்கே நிறைய வாதங்கள் உண்டு. அரசு நிர்ணயித்த விலையா, சங்க நிர்வாகமா என்று இரண்டு பக்கமும் பேசுவார்கள். ஆனால் ஒன்று மட்டும் யாருக்கும் புரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓட்டு வாங்கி வந்தவர், அதே பக்கத்து வீட்டுக்காரர் இணைப்பைப் பிடுங்குவது கஷ்டம். நம் ஊரில் 1990-லிருந்து எல்லா விவசாயிக்கும் பம்புசெட் கரண்டு இலவசம். அந்தப் பணத்தை அரசு சரியாகக் கொடுக்காவிட்டால் நாம் வைக்கிற சங்கம் எத்தனை மாதம் தாங்கும்? நண்பருக்கு நான் சொன்ன முதல் பதில் இது.

அமெரிக்கக் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், அவர் ஆசையாகக் கேட்டதால். அங்கே 900-க்குப் பக்கமாக மின் கூட்டுறவுகள் இருக்கின்றன. 1930-களில் தனியார் கம்பெனிகள் "கிராமத்துக்குக் கம்பம் நட்டால் கட்டுப்படியாகாது" என்று ஒதுங்கியபோது, அரசுக் கடன் வாங்கி விவசாயிகளே கம்பம் நட்ட கதை அது. பெரிய சாதனைதான். ஆனால் இன்றைக்கு அவற்றில் பெரும்பாலானவற்றில் பத்து சதவீத உறுப்பினர்கூட ஓட்டுப் போடுவதில்லை.

டெக்சாஸில் பெடர்னாலிஸ் என்று ஒரு சங்கம். 1938-ல் தொடங்கியது, பிற்பாடு ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன் முன்னின்று கொண்டுவந்தது. பிறகு அந்த நாட்டிலேயே பெரிய மின் கூட்டுறவாக வளர்ந்தது. அங்கேயும் இயக்குநர் தேர்தல் ஒழுங்காக வருஷா வருஷம் 'நடந்தது'. யார் நிற்கலாம் என்று பெயர் சொல்வதற்கு ஒரு குழு. அந்தக் குழுவை நியமிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிற இயக்குநர்கள். அப்புறம் என்ன? அதே முகங்கள். 2007-ல் உறுப்பினர்கள் சிலர் வழக்குப் போட்ட பிறகுதான் உள்ளே என்ன நடந்தது என்று வெளியே வந்தது. 2008-ல் விதிகளை மாற்றி உண்மையான போட்டி வைத்தார்கள். அத்தனை வருஷம் பொது மேலாளராக இருந்தவர் பிறகு குற்றவாளி என்று தீர்ப்பானது.

இதைப் படித்தபோது எனக்கு டெக்சாஸ் தெரியவில்லை. என் வீட்டுத் திண்ணைதான் தெரிந்தது.

2018. நான் உறுப்பினராக இருக்கிற ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு (பேர் வேண்டாம்) தேர்தல் என்று சொன்னார்கள். ஒருநாள் சாயங்காலம் பங்காளி முறையில் ஒரு பையன் காகிதத்தோடு வந்தான்.

"சித்தப்பா, முன்மொழியறதுக்கு ஒரு கையெழுத்து வேணும்."

"யார் யார்றா நிக்கறாங்க?"

"எல்லாம் பேசி முடிச்சாச்சு சித்தப்பா. போட்டி இல்லாம போனாத்தான ஊருக்கு நல்லது? சண்டை சச்சரவு வேண்டாம் பாருங்க."

அதுவும் சரிதானே என்று நினைத்தேன். காபித்தண்ணி கொடுத்தேன். பேனாவையும் நானே எடுத்துக் கொடுத்தேன். இடம் 11, மனு 11. ஓட்டுப்பெட்டிக்கு வேலையே இல்லை. எல்லோரும் போட்டியின்றித் தேர்வு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் பல இடங்களில் மனுவையே வாங்கவில்லை என்று வழக்கு எழுந்து, மதுரை உயர் நீதிமன்றக் கிளையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. நாங்களாகவே கொடுத்துவிட்டோம்.

அதனால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்க வீட்டுக்குக் கீழே ஒரு அத்தை இருக்காங்க. மாமா செத்துப் பல வருஷம் ஆச்சு. சங்கத்தில் உறுப்பினர் மாமாதான். பங்குத்தொகை அவர் பெயரில். அவர் போன பிறகு அதை அத்தை பெயருக்கு மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாரும் அவங்களிடம் சொல்லவில்லை. அதனால் அத்தை உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாததால் சங்கக் கடன் இல்லை. கடன் இல்லாததால் ஒவ்வொரு ஐப்பசியிலும் வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் வாங்கினதால் மாசியில் மிளகு பறித்ததும் அவர் சொன்ன விலைக்கு அவருக்கே. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் யாரும் பணம் தின்றதாக நான் சொல்லவில்லை. இயக்குநர்களும் நல்லவர்கள்தான், எல்லாம் நம்ம ஜனம்.

ஆனால் அந்த 2018-ல் ஒரு இடத்துக்கு இரண்டு பேர் நின்றிருந்தால்? இரண்டு பேரும் உறுப்பினர் பட்டியலைக் கையில் எடுத்திருப்பார்கள். "இந்த வீட்டில் ஓட்டு யாருக்கு இருக்கு?" என்று பார்த்திருப்பார்கள். செத்தவர் பேர் கிடப்பதைப் பார்த்து, ஒருவராவது அத்தை வீட்டுக்குப் போய், "அக்கா, இந்த மனுவில் ரேகை வையுங்க, உங்க பேருக்கு மாத்திடலாம்" என்றிருப்பார். அன்பினால் இல்லை. ஓட்டுக்காக. ஓட்டு தேவைப்படுகிறவன்தான் வீடு தேடி வருவான். தேவைப்படாதவன் ஏன் வரப்போகிறான்?

நான் போட்ட கையெழுத்தின் விலை அது. ஊருக்குச் சண்டை வேண்டாம் என்று மிச்சம் பிடித்ததை அத்தை தலையில் கட்டிவிட்டோம்.

இப்போது நிலைமை அதையும் தாண்டிவிட்டது. 2018-ல் வந்த நிர்வாகக் குழுக்களின் ஐந்து வருஷம் 2023-ல் முடிந்தது. பிறகு வந்தவர்கள் தனி அலுவலர்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. 1976-ல் குழுக்களைக் கலைத்துவிட்டு அடுத்த தேர்தலுக்கு 1996 வரை இருபது வருஷம் காக்க வைத்த மாநிலம் இது. 2001-ல் மறுபடி கலைத்தார்கள். ஒழுங்காக முடிந்த அடுத்த தேர்தல் 2013-ல்தான். எந்தக் கட்சி ஆட்சியானாலும் இந்த விஷயத்தில் ஒற்றுமைதான்! இத்தனைக்கும் நாட்டிலேயே முதல் விவசாயக் கடன் சங்கம் 1904-ல் நம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில்தான் ஆரம்பித்தது.

தனி அலுவலர் கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பார், அரசியல் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அவரைச் சந்தைக்கடையில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. இயக்குநர் என்றால், சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தார் இறக்கும்போது பிடித்து, "ஏப்பா, உரம் எப்ப வரும்?" என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த சந்தைக்கும் அவர் வரணுமே.

அப்போ கரண்டு? ஓடந்துறை என்று மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊராட்சி. 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஒண்ணரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, வங்கிக் கடனோடு சேர்த்து வாங்கினார்கள். ஊர்த் தேவைக்குப் போக மீதியை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஓட்டுப் போட்டு வந்த ஊராட்சிதான் அதைச் செய்தது. ஆகவே கிராமத்தானுக்குக் கரண்டு நிர்வாகம் வராது என்று நான் நினைக்கவில்லை. எங்க மலைத் தண்ணீரிலேயே 20 மெகாவாட் நீர்மின் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் எங்களுக்கும் ஒரு குரல் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு.

ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. இருக்கிற சங்கத்திலேயே ஓட்டைக் கேட்டு வாங்கத் தெரியாத நான், கரண்டுச் சங்கம் வைத்து என்ன கிழிக்கப்போகிறேன்? அங்கேயும் ஒரு பையன் காகிதத்தோடு வருவான். அங்கேயும் நான் பேனா எடுத்துக் கொடுப்பேன்.

அதனால் எனக்கு வேண்டியது மூன்றுதான். ஒன்று, தள்ளிப்போடாமல் தேர்தல். இரண்டு, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னாடியே உறுப்பினர் பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். செத்தவர் பெயரை எடுத்து, இருக்கிற பெண்டாட்டி பிள்ளை பெயரைச் சேர்க்க அங்கேயே மனு வாங்குங்கள். மூன்று, ஒரே ஒருவர்தான் நிற்கிறார் என்றாலும், அவர் வருடாந்திரப் பேரவையில் எழுந்து நின்று கணக்கு படித்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே பதவிக்கு வரட்டும். கடைசி இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று வக்கீல்கள் சொல்லட்டும். இல்லாவிட்டால் உண்டாக்கட்டும்.

பட்டணத்து நண்பர்களே, இதை மலைக்காரன் புலம்பல் என்று ஒதுக்க வேண்டாம். உங்களில் பாதிப் பேர் ஏதாவது பணியாளர் கடன் சங்கத்திலோ வீடு கட்டும் சங்கத்திலோ உறுப்பினர்தான். உங்க இயக்குநர் பெயர் தெரியுமா? கடைசியாகப் பேரவைக்கு எப்போது போனீர்கள், பாத்திரமோ டிபன் பொட்டலமோ வாங்குவதற்கு இல்லாமல்?

நானும் சும்மா இல்லை. போன வாரம் அத்தையோடு சங்கத்துக்குப் போனேன். மாமாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். இன்னும் ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள். அடுத்த வாரம் அதோடு போகிறோம். திரும்பி நடந்து வரும்போது அத்தை கேட்டாங்க:

"ஏப்பா, பேரு சேந்துட்டா நானும் நிக்கலாமா?"

நிக்கலாம் அத்தை. இந்தத் தடவை யாராவது காகிதத்தோடு வந்தால், உங்க பேரையும் எழுதச் சொல்றேன்.