மாமன் சீரில் ஒரு தாழ்ப்பாள்

மைக் செட், வாசலில் ஃப்ளெக்ஸ், பச்சை ஓலைக் குடிசை, இருபத்தோரு தட்டு வரிசை. அக்கா மகள் பெரிய மனுஷியான சேதியை ஊருக்கே ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன தாய்மாமன் நான்!

பந்தல்காரன் கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அக்கா கிசுகிசுத்தாள். “டேய், மெடிக்கல்ல போய் அது வாங்கிட்டு வாடா.”

“எது?”

“அதாண்டா!”

இருபத்தோரு தட்டில் ஆப்பிள் இருந்தது, சாக்லேட் இருந்தது, பட்டுப்பாவாடை இருந்தது. அது ஒன்றுதான் இல்லை.

கடையில் இரண்டு பெண்கள். போகட்டும் என்று நின்றேன். அவர்கள் போனதும் ஒரு தாத்தா சுகர் மாத்திரைக்கு வந்தார். கடைசியில் தொண்டைக்கு விக்ஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன், சார். அக்கா பார்த்த பார்வையில் மறுபடியும் ஓடினேன். கடைக்காரர் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கவர் வாயில் முடிச்சும் போட்டுத் தந்தார். 2019-லிருந்து பிளாஸ்டிக் கவருக்குத் தடை. தக்காளி வாங்கினால் “பை கொண்டு வரலையா?” என்பார்கள். இதற்கு மட்டும் எங்கிருந்தோ கவர் முளைத்துவிடுகிறது!

பி.காம். படித்த தோஷம், பில்லைப் பார்த்தேன். வரி இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பொட்டு, குங்குமம், வளையலுக்கு வரி கிடையாது, நாப்கினுக்கு 12 சதவிகிதம். ஒரு வருஷம் கத்திக் கதறிய பிறகு, 2018 ஜூலையில் எடுத்தார்கள்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் பாப்பா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம். அஞ்சாம் வகுப்பு.

“வயிறு வலிக்குதாம்மா?”

“இல்ல மாமா. பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கணும். பிடிக்கிறவ இன்னிக்கு லீவு.”

தண்ணீர் குடிப்பதே இல்லையாம். குடித்தால் போகவேண்டி வருமே! மாற்றியதைப் போடத் தொட்டி இல்லாததால், காலையில் வைத்ததோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறாள்.

2011-ல் அறிவித்த ‘புது யுகம்’ திட்டம் 10 வயதிலிருந்து 19 வரை இலவச நாப்கின் என்றது. இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. மாதத்துக்கு ஒன்பது வருகிறது. நாலைந்து மணிக்கு ஒரு தரம் மாற்றச் சொல்கிறார்கள் டாக்டர்கள். நாளைக்கு நாலு, ஐந்து நாளைக்கு இருபது. பாலன்ஸ் ஷீட் உதைக்கிறது! நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தொடக்கப்பள்ளி என்றாலே மூக்கொழுகும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. பத்து வயதில் ஆகிறவள் அஞ்சாம் வகுப்பில்தானே உட்கார்ந்திருப்பாள்?

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் ஞாபகத்துக்கு வந்தார். மனைவி எதையோ மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து, பழந்துணி என்று தெரிந்து பதறியவர். ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டி, தானே நாப்கின் வைத்துக்கொண்டு நடந்து பார்த்து, கடைசியில் மெஷினே செய்துவிட்டார். 2016-ல் பத்மஸ்ரீ. அந்த மனுஷன் மெஷின் செய்திருக்கிறார், நான் ஒரு தாழ்ப்பாள் போடக்கூடாதா?

ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். தாழ்ப்பாள், மூடி போட்ட தொட்டி, வாளி, மக், கூலி எல்லாம் சேர்த்து, ஃப்ளெக்ஸ் செலவில் பாதி கூட ஆகவில்லை.

“தாய்மாமன் சீரா சார்?” என்று சிரித்தார் தலைமை ஆசிரியை. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “தொட்டி வெச்சுட்டீங்க. அதை யார் எடுத்துக் கொட்டறது? கூட்டறவங்க காலையில வந்துட்டுப் போயிடறாங்களே?” என்றார். என்னிடம் பதில் இல்லை. நாமே பஞ்சாயத்தில் போய்க் கேட்போம் என்று முடிவாயிற்று. தேதி இன்னும் குறிக்கவில்லை.

சாயங்காலம் பாப்பா வந்தாள். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

“மாமா, தாழ்ப்பாள் எனக்கு எட்டல.”

ஆசாரி ஆறடி. நானும் பக்கத்தில் நின்று “கரெக்டா இருக்கு” என்று தலையாட்டியிருக்கிறேன்.

மறுநாள் திரும்பப் போய் ஒன்றரை அடி கீழே இறக்கினோம்.