நாய்க்குத்தானே என்று கொட்டாதீர்கள்

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிஸ்கட் நமத்துப்போனால் மாட்டுக்கு. அரிசியில் வண்டு விழுந்தால் கோழிக்கு. சோறு ஊசிப்போனால் நாய்க்கு. எதையும் வீணாக்கமாட்டோம் என்று பெருமையும் பட்டுக்கொள்வோம். சிக்கனத்தை நான் குறை சொல்லவில்லை. கெட்டுப்போனதை ஒரு படி கீழே தள்ளிவிட்டால் ஒழிந்தது சனியன் என்று நினைக்கிறோமே, அந்த நினைப்பைத்தான் எதிர்க்கிறேன். கீழே போனது மறுபடியும் நம் தட்டுக்கே ஏறி வருகிறது.

2007 மார்ச் மாதம், மெனு ஃபுட்ஸ் என்ற கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் தான் விற்ற நாய், பூனை உணவில் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அதைத் தின்ற பிராணிகளுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தார்கள். தட்டு, கிண்ணம் செய்யும் பிளாஸ்டிக்குக்கான ரசாயனம் அது. அதில் நைட்ரஜன் அதிகம் இருப்பதால், சோதனையில் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். பாலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, லாக்டோமீட்டரை ஏமாற்றச் சர்க்கரை போடுகிறார்களே, அந்த ஜாதி வேலை.

கதை அதோடு முடியவில்லை. நாய் உணவு ஆலைகளில் மிஞ்சிய தூளும் துணுக்கும் ஏற்கெனவே பண்ணைகளுக்குத் தீவனமாக விற்கப்பட்டிருந்தன. சுமார் 6,000 பன்றிகளுக்கு அது போயிருந்தது. இண்டியானா மாநிலத்தில், விஷயம் வெளியே தெரிவதற்குள் அந்தத் தீவனத்தைத் தின்ற 25 முதல் 30 லட்சம் கோழிகள் கறியாகி விற்றுப்போய்விட்டன. கலப்பு மிகக் குறைவு, மனிதருக்கு ஆபத்தில்லை என்றார்கள் அதிகாரிகள். இருக்கலாம். அது அவர்கள் அதிர்ஷ்டமே தவிர, ஏற்பாடு அல்ல. மறு ஆண்டே, 2008-ல், சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. 6 குழந்தைகள் இறந்தன; சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. நாயும் பூனையும் ஒரு வருடம் முன்பே எச்சரிக்கை கொடுத்துவிட்டன. கேட்கத்தான் ஆள் இல்லை.

வெளிநாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்பீர்கள். 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிகளில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டுச் செத்தார்கள். அதே வீடுகளில் மீதியைத் தின்ற நாய்களும் செத்தன. அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஈரம் பட்டால் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றும் நம் தொழுவத்தில் தினமும் புழங்குகிறவை. மாடு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் இறங்கும்.

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கப் பாலைச் சோதித்தது. 6,432 மாதிரிகளில் 368-ல் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. முதலிடம் யாருக்கு? தமிழ்நாட்டுக்கு. 551 மாதிரிகளில் 88. தீவனத்தின் வழியாக வந்தது என்று ஆணையமே சொன்னது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர வேறு ஒன்றும் சேராத பண்டம் என்பதே அதன் கௌரவம். ஆனால் இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பால் சுண்டும்போது தண்ணீர்தான் போகும். கடாயில் கிண்டுகிறவர் என்ன செய்வார்? தொழுவத்திலேயே தடுத்தால்தான் உண்டு.

சட்டத்துக்கு வருவோம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட உணவைக் கம்பெனி திரும்பப் பெற வேண்டும். அதற்கு 2017-ல் தனி விதிமுறையும் வந்தது. ஆனால் அதே சட்டம் 'உணவு' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும் இடத்தில், கால்நடைத் தீவனம் உணவு ஆகாது என்று ஒதுக்கிவிட்டது. நம் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நாடு இது. அதன் சோற்றுக்கு உணவுச் சட்டத்தில் இடமில்லை.

மனிதர் சாப்பாடென்றால் என்ன நடக்கும் என்பதற்கு மேகி நூடுல்ஸ் சாட்சி. 2015-ல் ஈயம் அதிகம் என்று தடை வந்ததும், நெஸ்லே கம்பெனி சுமார் 38,000 டன் சரக்கைத் திரும்ப எடுத்து அழித்தது. சிமெண்ட் ஆலைச் சூளைகளில் போட்டு எரித்தார்கள். பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது வேறு கதை. எரித்த சரக்கு எந்தத் தொழுவத்துக்கும் போகவில்லை. நமக்கு வேண்டிய பாடம் அதுதான். சூளையின் சூடு 1,400 டிகிரிக்கு மேல். நம் மாவட்டத்திலேயே ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை இருக்கிறது. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை.

'பசித்தவன் இருக்கும் நாட்டில் தீனியை எரிப்பதா?' என்று சிலர் கேட்பார்கள். நஞ்சு கலந்த பிறகு அது தீனி அல்ல. 'சின்ன வியாபாரி நஷ்டத்தைத் தாங்குவானா?' என்பார்கள். அவன் ஏன் தாங்க வேண்டும்? தயாரித்தவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மூட்டையை எடுத்துப் போகட்டும். கடைக்காரர் தலையில் கட்டுவதால்தான் பாதி விலைக்கு அது பின்வாசல் வழியாக வெளியேறுகிறது.

நான் கேட்பது மூன்று. நாய் உணவுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும், திரும்பப் பெறுவதைக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும். திரும்ப வந்த மூட்டையை மறுபடி விற்கமுடியாதபடி கிழித்துச் சாயம் ஊற்ற வேண்டும். எத்தனை வந்தது, எங்கே எரித்தது என்று எடைச் சீட்டோடு கணக்குக் காட்ட வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதையாவது செய்வோம். பையில் அச்சிட்ட பேட்ச் எண்ணைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள். நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகினாலோ, வாந்தி எடுத்தாலோ, பையோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மீதியைக் கோழிக்கு இறைக்காதீர்கள். குப்பைமேட்டில் கொட்டினால் ஊர் மாடுதான் மேயும். பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கை, விலை குறைவென்று மட்டும் வாங்காதீர்கள். அந்த மாட்டின் பாலைத்தான் நாளைக் காலையில் நம் பேரப்பிள்ளைக்கு ஆற்றிக் கொடுக்கப்போகிறோம்.